உரைகல்லைத் தங்கமென்று விற்காதீர்கள்

"நாக்கிங் சரி செய்யப்பட்டது – 3,500 ரூபாய்." கார்களை மாற்றியமைத்துத் தரும் பட்டறை ஒன்று நம் வாசகருக்குக் கொடுத்த பில்லில் இருப்பது இந்த ஒரே வரி. எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை. ப்ளக்கைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. லேப்டாப்பைச் செருகி ஒரு பதிவு எடுக்கவில்லை. டேங்கில் இருந்த பெட்ரோலை இறக்கிவிட்டு 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினார்கள், ஊரைச் சுற்றி ஒரு ரவுண்ட் அடித்தார்கள், சத்தம் நின்றது, சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த வாசகர் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் புறப்பட்டார். வழியில் டேங்க் காலி. நாமக்கல்லில் 100 ஆக்டேன் தேடிக் கிடைக்காமல் சாதாரண பெட்ரோலைப் போட்டுக்கொண்டார். காரவள்ளியில் ஏற்றம் தொடங்குகிறது. மேலே போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். மே மாத வெயில், காருக்குள் ஐந்து பேர், ஏசி முழு வேகத்தில். ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து, குறைந்த சுற்றில் இன்ஜின் முழுப் பாரத்தையும் இழுக்க வேண்டும். முப்பதாவது வளைவுக்கு முன்பே அந்தப் பழைய சத்தம் திரும்பிவிட்டது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இருந்தது என்கிறார். இன்னும் சில வளைவுகளில் இழுவை போயிற்று, பின்னால் நீலப் புகை. வேறொரு மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தபோது, இரண்டாவது சிலிண்டர் பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே உள்ள கரை பெயர்ந்து கையோடு வந்தது.

பட்டறையில் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "100 தவிர வேற எதையும் போடாதீங்கன்னு சொன்னோமே சார். போட்டது உங்க தப்பு."

இந்தப் பதிலை வன்மையாகக் கண்டிக்கிறோம். ஒரு பட்டறையின் பெயரைச் சொல்லிக் கண்டித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இந்த ஒரு வருடத்தில் இதே பதிலை வெவ்வேறு ஊர்களிலிருந்து, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், பல வாசகர்கள் எழுதி அனுப்பிவிட்டார்கள். இது தொழிலின் பழக்கமாகிவிட்டது. அதனால்தான் பெயரை விட்டுவிட்டுத் தொழிலைப் பார்த்துப் பேசுகிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். ஆக்டேன் கூடிய பெட்ரோலை ஊற்றிப் பார்ப்பது தவறான வேலையே அல்ல. மாற்றியமைத்த காரில் வரும் சத்தம் உண்மையான நாக்கிங்கா, வேறு ஏதாவதா என்று பிரித்தறிய அதைவிட மலிவான சோதனை கிடையாது. ஆனால் அது சோதனை. தட்டான் நகையை உரைகல்லில் தேய்ப்பது மாற்று எவ்வளவு என்று தெரிந்துகொள்ள. தேய்த்ததால் மாற்று ஏறிவிடாது. நம் பட்டறைகள் தேய்த்த கல்லையே நகை என்று சொல்லி 3,500 ரூபாய்க்கு விற்கின்றன.

நாக்கிங் என்றால் சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே சொல்ல வேண்டியிருப்பது வெட்கக்கேடு. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே ப்ளக் பொறி விடுகிறது. அங்கே பிறந்த தீ ஒரு பந்து போல விரிந்து சுவரை நோக்கிப் போகிறது. தீ இன்னும் எட்டாத ஓரத்துக் கலவை, எரிந்த வாயுவின் அழுத்தத்தில் நசுங்கிச் சூடேறுகிறது. தீ வந்து சேரும்வரை அது தாக்குப்பிடித்தால் நல்லது. பொறுக்க முடியாமல் தானாகவே ஒரே சமயத்தில் வெடித்தால், அழுத்த அலை சிலிண்டருக்குள் இங்கும் அங்கும் மோதுகிறது. சிறிய காரின் சிலிண்டர் அளவுக்கு அந்த மோதல் விநாடிக்குச் சுமார் 7,000 தடவை. நாம் கேட்கும் 'டிங் டிங்' அதுதான். அந்த ஓரக் கலவையின் பொறுமைக்குப் பெயர்தான் ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளப்பது. பொறுமையைத் தவிர வேறு எதையும் அந்த எண் சொல்வதில்லை. 100 ஆக்டேன் ஊற்றினால் 'பவர்' கூடும் என்று பங்க் வாசலில் பேசிக்கொள்கிறார்களே, லிட்டருக்குள் இருக்கும் சக்தி அந்த எண்ணால் கூடுவதில்லை. அந்தப் பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ளும்படி டைமிங்கும் (பொறி விடும் நேரம்) பூஸ்ட்டும் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) அமைந்திருந்தால்தான் பலன்.

ஆகவே ஆக்டேனைக் கூட்டியதும் சத்தம் நின்றால் அதற்குப் பொருள் ஒன்றே: ஓரக் கலவை பொறுமை இழந்துகொண்டிருந்தது. ஏன் இழந்தது? கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. டைமிங் அதிகமாக முன்னால் இருக்கலாம். பூஸ்ட் எல்லை மீறியிருக்கலாம். கலவையில் பெட்ரோல் போதாமல் இருக்கலாம். இன்டர்கூலர் சூட்டில் ஊறி, உள்ளே போகும் காற்று கொதித்திருக்கலாம். பிஸ்டன் தலையில் கரி படிந்து கம்ப்ரெஷன் கூடியிருக்கலாம். கிராங்க் கேஸிலிருந்து ஆயில் ஆவி இன்டேக்குக்குள் ஏறியிருக்கலாம். ஆயில் கலந்த கலவையின் ஆக்டேன் தானாகவே இறங்கிவிடும். தவறான வெப்ப எண் கொண்ட ப்ளக்காக இருக்கலாம். (எண் ஏற ஏறக் குளிர்ச்சியானது ஒரு கம்பெனியில், எண் இறங்க இறங்கக் குளிர்ச்சியானது இன்னொன்றில். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, குளிர்ந்த ப்ளக் என்று சூடானதை மாட்டிய பட்டறையை நேரில் பார்த்திருக்கிறோம்.) இத்தனையில் எது என்று தேடுவதுதான் 3,500 ரூபாய்க்கான வேலை. நீங்கள் கேள்வியை வாங்கிக்கொண்டு பதில் சொன்னதாகப் பில் போட்டிருக்கிறீர்கள்.

கொல்லிமலைக் காரின் இன்ஜின் கணினியான இசியுவை வெளியூர் நிபுணர் ஒருவர் படித்துப் பார்த்தபோது காரணம் அரைமணி நேரத்தில் வெளியே வந்தது. பட்டறை ஏற்றியிருந்தது அமெரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கிய ரீமேப் (இசியுவின் அமைப்பை மாற்றும்) ஃபைல். அதன் பெயரிலேயே '93' என்று இருக்கிறது. "அது 93-க்கு எழுதினது சார், நம்ம பங்க்ல 95 வருது, ரெண்டு பாயின்ட் மிச்சம்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கப் பங்கில் எழுதியிருக்கும் எண் வேறு, நம் பங்கில் எழுதியிருக்கும் எண் வேறு. ஒரே பெட்ரோலுக்கு இரண்டு விதமான ஆய்வுக்கூட எண்கள் உண்டு. மென்மையான நிலையில் அளப்பது ஆர்ஓஎன். அதிக சுற்றிலும் சூடான கலவையிலும் கடுமையாக அளப்பது எம்ஓஎன். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் சொல்வது ஆர்ஓஎன். அமெரிக்காவில் பங்கில் ஒட்டுவது இரண்டின் சராசரி. அங்கே 93 என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 98. அதாவது இரண்டு மிச்சமல்ல, மூன்று பற்றாக்குறை. 100 ஊற்றியதும் சத்தம் நின்றதற்கு வேறு மர்மம் எதுவுமில்லை. சோதனை தன் வேலையை ஒழுங்காகச் செய்து, 'ஃபைல் தப்பு' என்று சத்தம் போட்டுச் சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

இதைவிட மோசமான ஒன்றும் அந்த ஃபைலுக்குள் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் நவீன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் பிளாக்கில் ஒரு நாக் சென்சார் உண்டு. சத்தத்தைக் கேட்டதும் இசியு டைமிங்கை உடனே சில டிகிரி பின்னுக்கு இழுக்கும். பிறகு மெல்ல மெல்ல முன்னே கொண்டுவந்து பார்க்கும். இந்தக் காரில் அப்படிப் பின்னிழுக்கும் அளவை ரீமேப்பில் குறுக்கியிருக்கிறார்கள். ஏற்றத்தில் 'பிக்கப்' விழுகிறது என்று வாடிக்கையாளர் திரும்பி வரக்கூடாதாம். காவல்காரன் காதில் பஞ்சை அடைத்துவிட்டு, திருட்டுப் போனதற்கு வீட்டுக்காரன் கதவைச் சாத்தாததுதான் காரணம் என்கிறீர்கள்.

அம்பாசடர், ஃபியட் காலத்து மெக்கானிக்குகளை நினைத்துப் பார்க்கிறோம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியை பிளாக்கில் ஊன்றிக் கேட்பார்கள். டாப் கியரில் மிதித்து, லேசாக 'டிக் டிக்' வருகிற இடம்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, பிறகு ஒரு நூல் பின்னுக்கு இழுத்துக் கட்டுவார்கள். பல பேர் பள்ளிக்கூடம் தாண்டாதவர்கள். சத்தம் வந்தால் டைமிங்கைத் தொட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெட்ரோலை மாற்றிவிட்டுக் கூலி கேட்டவர் அவர்களில் இருந்ததாக நாம் அறியோம்.

சோதனையைச் சரியாகச் செய்வதிலாவது அக்கறை இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. டேங்கில் பாதிக்குப் பாதி 95 கிடக்கும்போது 100-ஐ ஊற்றினால் கிடைப்பது 97 சொச்சம். ரிசர்வ் விளக்கு எரியும்வரை ஓட்டி, பிறகு நிரப்பி, குழாயில் கிடக்கும் பழைய பெட்ரோல் தீர்ந்து, இசியு தன் கணக்கைத் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்த பிறகுதான் அளக்க வேண்டும். முதல் பெட்ரோலில் ஒரு பதிவு, இரண்டாவதில் ஒரு பதிவு; இரண்டும் ஒரே கியரில், ஒரே சுற்று எல்லையில், ஏறக்குறைய ஒரே காற்றுச் சூட்டில், டைனோவிலோ இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் போன்ற ட்ராக்கிலோ. ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்கியது, பூஸ்ட் எவ்வளவு, கலவை எப்படி, உள்ளே போன காற்றின் வெப்பம் என்ன என்று எழுத வேண்டும். காதால் கேட்டதை மட்டும் நம்பக் கூடாது. காதுக்கு எட்டாத நாக்கிங்கும் உண்டு. பெரிய சைலன்சர் மாட்டிய காரில் அது எட்டவே எட்டாது.

இந்தச் சோதனையின் உண்மையான அருமை, சத்தம் நிற்காதபோதுதான் தெரியும். 100 ஊற்றிய பிறகும் சென்சார் அதே சுற்றில், அதே அளவு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறதா? பெரும்பாலும் அது நாக்கிங்கே அல்ல. மாற்றியமைத்த கார்களில் இது ஏராளம். கெட்டியான இன்ஜின் மவுன்ட் மாட்டியிருப்பார்கள். டவுன்பைப் எங்கோ அடித்தட்டில் இடித்துக்கொண்டிருக்கும். ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போட்டால் குளிர்ந்த நிலையில் அது சிலிண்டர் சுவரில் தட்டும். சென்சார் பாவம், அதற்குத் தெரிந்தது அதிர்வு ஒன்றுதான். இல்லையென்றால் கனெக்டிங் ராட் பேரிங் போயிருக்கலாம். அதற்கு 100 ஆக்டேன் ஊற்றிக்கொண்டே ஓட்டினால் ஒருநாள் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்து எட்டிப் பார்க்கும். சின்ன டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் இன்னொரு வியாதியும் உண்டு. குறைந்த சுற்றில், முழுப் பாரத்தில், ஆயில் துளியோ கரித் துகளோ ப்ளக்குக்கு முன்பே தீ மூட்டிவிடும். ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கிற வெடிப்பு அது. இதற்கு ஆக்டேன் பெரிய மருந்தல்ல. ஆயிலில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். இதற்காகவே 2018-இல் எஸ்என் ப்ளஸ், 2020-இல் எஸ்பி என்று ஆயில் தரங்கள் வந்தன. ரீமேப் போட்டுத் தரும் எத்தனை பட்டறைகள் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி இந்த இரண்டு எழுத்தைப் பார்க்கின்றன?

நம் ஊர்ப் பெட்ரோலில் இப்போது எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. இருபது சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு இந்தியத் தர நிர்ணயம் குறைந்தது 95 ஆர்ஓஎன் கேட்கிறது. எத்தனால் காற்றைக் குளிர்விக்கவும் செய்யும். நாக்கிங்குக்கு இவை நல்லவைதான். ஆனால் ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று என்றால், எத்தனாலுக்கு 9 பங்குதான். இருபது சதவீதம் கலந்தால் கணக்கு ஏறக்குறைய 13.5-க்கு இறங்கும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலை அப்படியே ஏற்றினால், முழுசாக மிதிக்கும் நேரத்தில், எங்கே அதிகம் தேவையோ அங்கே பல கார்களில் பெட்ரோல் குறைந்துவிடும். வகைக்கு வகை எத்தனால் அளவு மாறும்போது, ஆக்டேன் சோதனை என்று நீங்கள் செய்வது ஒரே சமயத்தில் இரண்டை மாற்றிவிட்டு ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது. இதெல்லாம் தலைவலி பிடித்த கணக்கு என்று எங்களுக்கும் தெரியும். தலைவலியைச் சுமக்கத்தானே ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2 என்று பலகை எழுதி வைத்திருக்கிறீர்கள்.

இன்ஜினின் சத்தத்தை மட்டும் அடக்கிவிட்டு வெற்றி என்று கொண்டாடியதற்கு உலகம் ஒருமுறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. நாக்கிங் வந்தபோது முதலில் பழி விழுந்தது அமெரிக்கப் பொறியாளர் கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன் மீது. அவருடைய உதவியாளர் மிட்ஜ்லி உட்கார்ந்து சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும் விதத்தை அளந்து பார்த்துத்தான், பழி பெட்ரோல் மீது போக வேண்டும் என்று கண்டார். அதுவரை சரி, அளந்துவிட்டுப் பேசினார். 1921 டிசம்பரில் அவர் கண்டுபிடித்த ஈயச் சேர்மம் சத்தத்தை அற்புதமாக அடக்கியது. இந்தியா ஈயப் பெட்ரோலை 2000-இல்தான் விட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல். இடையில் எத்தனை குழந்தைகளின் ரத்தத்தில் அந்த ஈயம் ஏறியது என்ற கதை இங்கே வேண்டாம்.

அதன் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஸ்டிக்கர் கடைகளில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்கள். '30 பாயின்ட் கூடும்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்தத் தொழிலில் பத்துப் பாயின்ட் சேர்ந்தால்தான் ஒரு ஆக்டேன். 95 என்பது 125 ஆகிவிடாது. மொத்தமே மூன்று கூடும், அதுவும் சொன்ன அளவு ஊற்றினால். மாங்கனீசு கலந்த பூஸ்டர் ப்ளக் பீங்கானில் செங்காவி நிறத்தில் படியும். ப்ளக்கைப் பார்த்து நோய் சொல்ல வந்த அடுத்த மெக்கானிக்குக்கு அந்த வாய்ப்பும் போயிற்று. இந்த பாட்டில்களின் விளம்பரத்தை நம் இதழும் இரண்டு வருடம் உள் அட்டையில் போட்டுக் காசு வாங்கியிருக்கிறது. அது தவறு. வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்; இந்த இதழிலிருந்து அந்த விளம்பரம் இல்லை. நம்மைத் திருத்திக்கொள்ளாமல் அடுத்தவரைத் திருத்தச் சொல்லும் தகுதி நமக்கில்லை.

வாடிக்கையாளர்கள் மீதும் கோபம் இருக்கிறது. எண்பதாயிரம் ரூபாய்க்கு டவுன்பைப் மாட்டுகிறவர், பதிவு எடுக்க ஐயாயிரம் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார். 100 ஆக்டேன் 2020 டிசம்பரில் வந்தபோதே டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். அந்த விலையில் மாதம் இரண்டு டேங்க் போடத் தயாராக இருப்பவர், ஃபைலைத் திருத்தச் சொல்லிக் கேட்பதில்லை. சத்தம் நின்றால் போதும் என்று அவரும் நினைக்கிறார். பட்டறைக்கு அது வசதியாகப் போய்விடுகிறது.

அதைவிட வசதி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அனுமதியில்லாமல் காரை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பிஸ்டன் உடைந்தாலும் அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகத் தயங்குவார். அந்தத் தயக்கத்தின் மேல்தான் இந்தத் தொழில் உட்கார்ந்திருக்கிறது. புகார் கொடுக்க முடியாதவனிடம் கைவரிசை காட்டுவதற்குத் தொழில்திறமை என்று பெயர் கிடையாது.

ஆகவே கேட்கிறோம். பில்லில் 'நாக்கிங் சரி செய்யப்பட்டது' என்று எழுதுகிற ஒவ்வொரு பட்டறையும், என்ன காரணம் என்று கண்டது, எதைத் திருத்தியது என்பதை அதே பில்லில் எழுத வேண்டும்; திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த பதிவை வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். ஏற்றிய ஃபைல் எந்த பெட்ரோலுக்கு எழுதியது என்பதை நம் ஊர்க் கணக்கில், ஆர்ஓஎன்னில், டேங்க் மூடியின் உட்புறம் ஒட்ட வேண்டும். நாட்டின் எந்த மூலையிலும் கிடைக்கிற பெட்ரோலில் நாக்கிங் இல்லாமல் ஓடாத கார் சாலைக்குரிய கார் அல்ல. அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டாவது ஃபைல் ஏற்றுங்கள், எப்போது எதைப் போடுவது என்று சொல்லிக் கொடுங்கள். நாக் சென்சாரின் எல்லையைக் குறுக்கியிருந்தால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு இந்த மாதமே இலவசமாகப் பழையபடி வையுங்கள். சத்தத்துக்குக் காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அதற்கு யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப்போவதில்லை.

கொல்லிமலைக் காருக்குப் பில் போட்ட பட்டறைக்கு மட்டும் தனியாக. 3,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். இன்ஜினைப் பிரித்து அடைக்க ஆகும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். உடைந்த பிஸ்டன் நம் அலுவலக மேசைமேல் ஒரு செய்தித்தாளில் மடித்து இருக்கிறது. அடுத்த இதழ் அச்சுக்குப் போகும்வரை எந்த நாளிலும் வந்து பார்க்கலாம். வரும்போது லேப்டாப்பையும் அந்த '93' ஃபைலையும் கொண்டுவாருங்கள்.